முத்துவேல் ஓடிப்போகவில்லை

மட்டாஞ்சேரி,
9 ஜூன் 2024

அன்புத் தம்பி அப்ஸலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கும் ஷம்னாவுக்கும் உடம்பு எப்படி இருக்கு? இங்கே மழை பிடிச்சாச்சு, உன் மச்சானுக்குச் சளி பிடிச்சாச்சு. என்னை ஒரு கேஸ் பிடிச்சிருக்கு.

சிரிக்காதே. நேத்து கூரியர்ல ஒரு தடிக் கவர் வந்துச்சு. பிரிச்சா, சிங்கப்பூர் கோர்ட்டு! க்வெல்மார் மரைன்னு ஒரு கம்பெனி நம்ம 'கொச்சித்துறை' பேப்பர் மேல மானநஷ்ட வழக்குப் போட்டிருக்கு. ஏப்ரல் இதழ்ல 'முத்துவேல் ஓடிப்போகவில்லை'ன்னு எழுதி, இணையத்துலயும் போட்டேனே, அதுக்காக. நீ தமிழ் வாசிக்கிற லட்சணம் எனக்குத் தெரியும், அதனால சுருக்கமாச் சொல்றேன். தோப்பும்படி ஹார்பர்ல மீன் விக்கிற மாயம்மாளோட ஒரே மகன் முத்துவேல். அவனை அந்தக் கம்பெனி இழுவைக்கப்பல் வேலைக்குக் கூட்டிட்டுப் போச்சு. கொஞ்ச மாசத்துல, "உங்க பையன் ஒரு துறைமுகத்துல கப்பலை விட்டு ஓடிட்டான், இனி எங்களுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்ல"ன்னு தகவல் வந்துச்சு. கூட வேலை பாத்த பையன் ஊருக்கு வந்தப்ப சொன்னது வேற. லைஃப் ஜாக்கெட் இல்லாம மேல்தட்டுல வேலை செய்யவிட்டாங்க, கால் வழுக்கிக் கடல்ல விழுந்தான், கேப்டன் கப்பலைத் திருப்பவே இல்லன்னு சொன்னான். அவன் சொன்னதை நான் அப்படியே போட்டேன்.

எனக்குப் புரியாதது ஒண்ணுதான். பையன் கொச்சிக்காரன். விழுந்தது ஏதோ நடுக்கடல்ல. பேப்பர் அடிச்சது மட்டாஞ்சேரியில. அப்புறம் எதுக்குடா சிங்கப்பூர்ல கேஸு? நீ அந்த ஊர்லதானே லிஃப்ட் ரிப்பேர் பாத்துட்டுத் திரியிறே, கம்பெனி விலாசம் தனித்துண்டுல எழுதி வெச்சிருக்கேன். சும்மா ஒரு எட்டுப் போய், எப்படிப்பட்ட இடம்னு பாத்துச் சொல்லேன்.

கேஸைப் பத்தி வாட்ஸ்அப்ல ஒரு எழுத்து அடிக்கக்கூடாதுன்னு வக்கீல் லக்ஷ்மிநாராயணன் சொல்லிட்டாரு. அப்ப கடிதம் எழுதலாமான்னு கேட்டேன். "அதுவும் சாட்சிதான், ஆனா உங்க பாலக்காட்டுச் சாச்சா அதைக் குடும்ப குரூப்புல போடமாட்டாரு"ன்னாரு. ஞாயமான பேச்சு!

ஷம்னாவுக்கு என் சலாம். பெருநாளைக்குப் பிரியாணி யார் செய்யுறது, அவளா நீயா?

உன் அக்கா,
மெஹருன்னிசா

*

சிங்கப்பூர்,
30 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நாங்க சுகம். பிரியாணி நான்தான் செஞ்சேன், அடி பிடிச்சுப்போச்சு, ஷம்னா ஒண்ணும் சொல்லாமத் தின்னா. மச்சானுக்குச் சளி விட்டுதா?

நீ சொன்ன இடத்துக்குப் போனேன். லீவு நாள் கிடைச்சா மனுஷன் தூங்கணும், நான் உன் கேஸைத் தேடிப் போனேன். பெரிய கட்டடம், நல்ல லிஃப்ட், சத்தமே இல்ல. மேல போனா ஒரே ஒரு கதவு. அது பக்கத்துல இருந்த பலகையில கம்பெனிப் பேரு வரிசையா நிக்குது, அதுல ஒண்ணு க்வெல்மார். உள்ளே ஒரு பொண்ணு. அவங்களைப் பாக்கணும்னேன். "இங்கே யாரும் வரமாட்டாங்க, தபால் மட்டும்தான் வாங்கி வைப்போம்"னா. கப்பல் எங்கே, கேப்டன் எங்கேன்னு கேட்டா, என்னை ஒரு மாதிரிப் பாத்தா.

எனக்குத் தோணுறது இதுதான். கொச்சியில கேஸ் போட்டா நீ ஆட்டோ பிடிச்சு வந்து நிப்பே. இங்கே போட்டா விமானம், விசா, வக்கீல் எல்லாம் நீ தேடணும். உன்னால முடியாது, பேசாம இருந்துடுவேன்னு கணக்கு. நல்ல ஆளா பாத்துத்தான் கணக்குப் போட்டிருக்காங்க! உன்னைச் சின்ன வயசுலேயே யாரும் பேசாம இருக்கவெச்சதில்லன்னு அவங்களுக்கு யாரு சொல்றது?

உடம்பைப் பாத்துக்கோ.

உன் தம்பி,
அப்ஸல்

*

மட்டாஞ்சேரி,
21 ஜூலை 2024

அப்ஸலுக்கு, அக்காவோட துஆவும் சலாமும்.

உடம்பு நல்லாத்தான் இருக்கு, மனசுதான் ஒரு நிலையில இல்ல. ஏன் சிங்கப்பூர்னு கேட்டேனே, பதில் கிடைச்சாச்சு. அந்தப் பதில் நீதான்டா.

வக்கீல் நம்ம பேப்பரோட கடைசிப் பக்கத்தை என் முன்னால வெச்சு, விரலால தட்டினாரு. ஆசிரியர் பேரு, அச்சகம், அதுக்குக் கீழே பெட்டி கட்டி, 'சிங்கப்பூர் பிரதிநிதி: எம். அப்ஸல்'. "உங்க பேப்பருக்கு அங்கே ஆள் இருக்கு, அதனால அங்கேயும் வெளியாகுதுன்னு எழுதியிருக்காங்க"ன்னாரு. எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. சின்னப் பேப்பர்க்காரங்க எல்லாருமே இப்படித்தானே போடுறோம்! பாலக்காட்டு நிருபர் நம்ம சாச்சா, ஜென்மத்துல ஒரு வரி எழுதினதில்ல. வெளிநாட்டுப் பேரு ஒண்ணு இருந்தாத்தான் எர்ணாகுளம் பிராட்வே கடைக்காரன் விளம்பரம் தருவான்னு உன் மச்சான் சொன்னாரு, நான் உன் பேரைப் போட்டேன். உன் மாமனாரு அந்தப் பெட்டியைப் பாத்துத்தானே "மாப்பிள்ளை பத்திரிகைக்காரரு"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரு! பெருமைக்கு எருமை மேய்ச்ச கதையா ஆயிடுச்சு.

சிரிச்சு முடிச்சப்புறம்தான் வக்கீல் அடுத்ததைச் சொன்னாரு. கேஸ்ல உன் பேரும் இருக்காமே. உனக்கு ஏதாச்சும் வந்துச்சா? உள்ளதை உள்ளபடி எழுது. சுத்தி வளைக்காதே.

அக்கா

*

சிங்கப்பூர்,
2 அக்டோபர் 2024

அன்பு அக்கா,

நலமா? மாசம் இரண்டு ஓடிப்போச்சு, பதில் எழுதலன்னு கோவிச்சுக்காதே. வேலை ஜாஸ்தி. நீ அனுப்பின கண்ணிமாங்கா அச்சார் வந்து சேர்ந்துச்சு, தீர்ந்தும் போச்சு.

ஒரு விஷயம் கேக்கணும். உன்கிட்டப் பேசின பையன், முத்துவேல் விழுந்ததைத் தன் கண்ணால பாத்தானா, இல்ல யாராச்சும் சொல்லிக் கேட்டானா? அந்தக் கப்பலோட பேரு என்ன? வேற யாரெல்லாம் இருந்தாங்கன்னு சொன்னானா? ஞாபகம் இருக்கிறதை எழுது. சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்.

மச்சானைக் கேட்டதாச் சொல்லு.

அப்ஸல்

*

மட்டாஞ்சேரி,
20 அக்டோபர் 2024

தம்பிக்கு,

நீயும் ஷம்னாவும் நல்லா இருக்கணும்னு அஞ்சு வேளையும் கேக்கிறேன். ஆனா உன் கடுதாசி பாத்து எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, பக்கத்துல இருந்தா காதைத் திருகியிருப்பேன். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. உனக்கு நோட்டீஸ் வந்துச்சா? நீ அச்சார் தீர்ந்துபோச்சுங்கிறே!

நீ கேட்டதுக்குப் பதில், கப்பல் பேரு 'க்வெல்மார் த்ரீ'. பையன் கண்ணால பாத்தான். கூட ஒரு இந்தோனேசியாக்காரன், சமையக்காரன், அவனும் பாத்தானாம். எதுக்குக் கேக்கிறே?

இங்கே நடக்கிற கூத்தைக் கேளு. விளம்பரம் தர்றவங்க ஒருத்தர் ஒருத்தரா நழுவுறாங்க. "இத்தா, கேஸ் முடியட்டும், பின்னே நோக்காம்"னு, அப்புறம் பாக்கலாம்னு ஒரே பாட்டு. பிரஸ்காரரு, தனக்கு ஒண்ணும் வராதுன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் அடுத்த இதழ் அடிப்பேங்கிறாரு. எர்ணாகுளத்துல ஒரு பெரிய மலையாளப் பேப்பர் இந்தச் செய்தியை எடுத்து எழுதுறதா இருந்துச்சு, நிருபர் பொண்ணு ஸ்நேஹா வந்து போட்டோ எல்லாம் எடுத்துட்டுப் போனா. இப்ப போன் பண்ணினா, "சேச்சி, மேல வேண்டான்னு பறஞ்சு"ங்கிறா, மேலிடத்துல வேணாம்னு சொல்லிட்டாங்களாம். எழுதினா கேஸ் வரும்னு யாரும் அவங்களை மிரட்டல. எனக்கு வந்ததைப் பாத்தே அவங்க வாயை மூடிட்டாங்க.

மாயம்மாள் மட்டும் சந்தோஷமா இருக்கா. வெள்ளிக்கிழமை தவறாம வந்து, மீன்கூடையை வாசல்ல வெச்சுட்டு, "அம்மா, அவ்ளோ பெரிய ஊர்க் கோர்ட்டே என் மவனைப் பத்தி விசாரிக்குதாமே, என்ன சொன்னாங்க?"ன்னு கேக்கிறா. வழக்கு என் மேலன்னு எப்படிச் சொல்றது? இன்னும் வாய்தா போகுதும்மான்னு சமாளிக்கிறேன்.

இந்தத் தடவையாச்சும் பதில் சொல்லு.

அக்கா

*

சிங்கப்பூர்,
10 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய மைனிக்கு, ஷம்னா எழுதிக்கொண்டது.

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மச்சானும் நலம்னு நம்புறேன். நான் எழுதுறது அவருக்குத் தெரியாது. எனக்குத் தமிழ் எழுத்து அவ்வளவு வராது, பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

மைனி, அவருக்கு ஆகஸ்டிலேயே நோட்டீஸ் வந்துச்சு. வீட்டுக்கு வரல, அவர் வேலை பாக்கிற கம்பெனிக்கு வந்துச்சு. மேனேஜர் கூப்பிட்டு, நீ பத்திரிகைக்காரனா, லிஃப்ட் மெக்கானிக்கான்னு கேட்டாராம். மார்ச்சோட இவர் வேலை பாஸ் முடியுது, புதுப்பிக்கலன்னா ஊருக்குத் திரும்பவேண்டியதுதான். கேஸ் இருந்தா புதுப்பிக்கமாட்டோம்னு சொல்லிட்டாங்க.

அந்தக் கப்பல் கம்பெனியோட வக்கீல் இவரைக் கூப்பிட்டு ஒரு பேப்பர் நீட்டினாரு. அந்தச் செய்தி பொய், நான் வருந்துறேன்னு கையெழுத்துப் போட்டா, இவரை விட்டுடுவாங்களாம். இவர் போடல. ஏன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறாரு. ஞாயிற்றுக்கிழமை ஆனா கப்பல்காரங்க வந்து தங்குற ஒரு இடத்துக்குப் போயிடுறாரு. எதுக்குன்னும் சொல்லல.

நீங்க எழுதினது தப்புன்னு நான் சொல்லல மைனி. ஆனா அந்தச் செய்தியை எடுத்துட்டா என்ன? நாங்க இங்கே ஒரு வாழ்க்கையை இப்பத்தான் ஒழுங்கு பண்ணிக்கிட்டு இருக்கோம். கோபப்படாதீங்க.

ஷம்னா

*

மட்டாஞ்சேரி,
24 நவம்பர் 2024

அப்ஸலு,

சலாம். உன் உடம்பை இனி நான் விசாரிக்கப்போறதில்ல, விசாரிச்சா மட்டும் நீ உண்மை சொல்லவா போறே?

எல்லாம் தெரிஞ்சுபோச்சு. ஷம்னா மேல பாயாதே, அவ நல்ல பொண்ணு, உன்னைவிட ரோஷமுள்ளவ. நான் சொல்றதைக் கேளு. அந்த வக்கீல்கிட்டப் போய் உள்ளதைச் சொல்லு. "நான் பிரதிநிதியும் இல்ல, ஒண்ணும் இல்ல, அக்கா என்னைக் கேக்காமப் பேரைப் போட்டுட்டா"ன்னு சொல்லு. அது சத்தியம்தானே? நானும் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோட வெச்சிருக்கேன். செய்தியையும் இணையத்துல இருந்து எடுத்துடுறேன். கேஸும் வேணாம், கத்திரிக்காயும் வேணாம்.

எனக்கும் ஒரு பேப்பர் அனுப்பியிருக்காங்க. முதல் பக்கத்துல மன்னிப்புப் போடணுமாம். வாசகத்தை அவங்களே எழுதிட்டாங்க: 'முத்துவேல் தன் விருப்பப்படி கப்பலை விட்டு ஓடிப்போனார் என்பதே உண்மை.'

இதைப் போடுறதுக்கு முன்னால அவன் அம்மாகிட்டச் சொல்லாம முடியாதுன்னு ஹார்பருக்குப் போனேன். ஏலம் முடிஞ்சு மாயம்மாள் கூடையைக் கழுவிட்டு இருந்தா. வழக்கு என் மேலதான், உன் மகனை யாரும் விசாரிக்கலன்னு சொன்னேன். உன் நிலைமையும் சொன்னேன். அவ கை நின்னுபோச்சு. கூடையைக் கவிழ்த்து வெச்சா. அப்புறம் சொன்னா: "உங்க தம்பி உசுரோட இருக்கான்லம்மா, அவனைப் பாருங்க மொதல்ல. என் மவனைப் பத்தி எழுதினதை அழிக்கணுமா, அழிச்சுக்குங்க. ஆனா ஓடிப்போனான்னு மட்டும் உங்க கையால எழுதிப்புடாதீங்க. ஆத்தாளை விட்டுட்டு ஓடுற புள்ளை இல்ல அவன்."

நான் அங்கேயே அழுதுட்டேன்டா, மீன்காரங்க முன்னால. அவதான் எனக்குச் சாயா வாங்கிக் கொடுத்தா.

அதனால செய்தியை எடுக்கிறேன், மன்னிப்புப் போடமாட்டேன். அதுக்கு அவங்க ஒத்துக்குவாங்களான்னு கேட்டுச் சொல்லு. உன் பேரை முதல்ல கழட்டிக்கோ.

அக்கா

*

சிங்கப்பூர்,
14 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் சுகமா இருக்குன்னு தெரியுது, அல்ஹம்துலில்லாஹ். நானும் சுகம். இது சத்தியம்.

செய்தியை எடுக்காதே. நீ எழுதிக்கொடுத்த காகிதத்தையும் நான் யாருக்கும் காட்டல.

சொல்றேன் கேளு. நோட்டீஸ் வந்த அன்னிக்கு உன்மேல எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்ல. என் வேலைக்கு உலை வெச்சுட்டியேன்னு நெனச்சேன். அப்புறம்தான் உன் செய்தியை முதல் தடவையா முழுசா வாசிச்சேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிச்சேன். வாசிச்சதும், இது நெசமா, இவ எதுனாச்சும் ஏத்தி எழுதிட்டாளான்னு தெரிஞ்சுக்கணும்னு ஒரு அரிப்பு. கப்பல்காரங்க வந்து தங்குற இடத்துல ஞாயிறு ஞாயிறா உக்காந்து, க்வெல்மார் த்ரீ தெரியுமா, க்வெல்மார் த்ரீ தெரியுமான்னு கேட்டுட்டே இருந்தேன். சாயா குடிச்சே வயிறு கெட்டுப்போச்சு. போன மாசம் அந்தச் சமையக்காரன் கிடைச்சான், இந்தோனேசியாக்காரன். நீ எழுதினது அத்தனையும் சரி. ஒரு வார்த்தை ஏத்தல நீ.

இங்கே ஹரிஷங்கர்னு ஒரு வக்கீல், காசு வாங்காம உதவி பண்றாரு. அவர் சொன்னது இது. நான் பிரதிநிதி இல்லன்னு ஒதுங்கிட்டா, இந்த ஊர்ல எதிர்த்துப் பேச ஆளே இருக்காது. நீயும் வரமுடியாது. யாரும் இல்லாம தீர்ப்பு அவங்க பக்கம் போயிடும். ஆள் ஒருத்தன் நின்னு, எழுதினது உண்மைன்னு சொன்னா, கேப்டன் சத்தியம் பண்ணிப் பதில் சொல்லியாகணும்.

அதனால, ஆமா, நான்தான் அந்தப் பேப்பரோட ஆளுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். ஷம்னாகிட்டச் சொல்லிட்டுத்தான் போட்டேன். அன்னிக்குச் சமைக்காமப் போய்ப் படுத்துட்டா. மறுநாள் எனக்குச் சட்டை தேய்ச்சுக் கொடுத்து, வக்கீல் வீட்டுக்கு அவளும் வந்தா.

பாஸ் புதுப்பிக்கமாட்டாங்க. அது முடிஞ்சுபோன விஷயம், அதைப் பத்தி எழுதாதே.

அப்ஸல்

*

மட்டாஞ்சேரி,
30 டிசம்பர் 2024

என் தங்கத் தம்பிக்கு,

படுபாவி! கிறுக்கா! உன்னை யாருடா கையெழுத்துப் போடச் சொன்னது? கடிதத்தை வாசிச்சுட்டு உன் மச்சான் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டே இருந்தாரு. எனக்குத் திட்டுறதா அழறதான்னு தெரியல, இரண்டும் பண்ணிட்டேன்.

வீட்டு மேல்மாடி ரூமை வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கேன். ஷம்னாகிட்டச் சொல்லு, ஜன்னலைத் திறந்தா காயல் காத்து வரும்.

செய்தி இருந்த இடத்துலயே இருக்கு. பிரஸ்காரரு கைவிட்டுட்டாரு, இந்த மாசம் கடையில ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். மை கையெல்லாம் ஒட்டுது.

அல்லா உன்னைக் காப்பாத்தட்டும்.

அக்கா

*

சிங்கப்பூர்,
15 பிப்ரவரி 2025

அன்பு அக்கா, மச்சான் இருவருக்கும்,

சலாம். நாங்க நலம், மூட்டை கட்டிட்டு இருக்கோம். அடுத்த மாசக் கடைசியில டிக்கெட். கேஸை ஹரிஷங்கர் இங்கிருந்தே நடத்துவேங்கிறாரு.

முக்கியமான விஷயம். கேப்டன் பதில் தாக்கல் பண்ணிட்டான். சமையக்காரன் சாட்சி சொல்லப்போறான்னு தெரிஞ்சதும், கேப்டன் கப்பலைத் திருப்பலன்னு நீ எழுதினதுதான் அவனைச் சுட்டிருக்கு. தன் பேரைக் காப்பாத்திக்க என்ன எழுதியிருக்கான் தெரியுமா? 'முத்துவேல் பணியில் இருந்தபோது கடலில் விழுந்தார். உடனே கப்பலைத் திருப்பி நீண்ட நேரம் தேடினோம். உடல் கிடைக்கவில்லை.' சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கான்! ஹரிஷங்கர் வாசிச்சுட்டு மேசையைத் தட்டினாரு. அப்ப ஓடிப்போனான்னு அந்த அம்மாவுக்கு எழுதினது யாரு? இப்ப சமரசம் பேசலாமான்னு கேட்டு ஆள் விடுறாங்க. நகல் இதுல இருக்கு. கோர்ட்ல வாசிச்சாச்சு, நீ தாராளமாப் போடலாம்.

இதை வெச்சு மாயம்மாளுக்கு இறப்புச் சான்றிதழும் நஷ்டஈடும் கேக்கலாமாம். போய்ச் சொல்லு அக்கா. நீ ஜெயிச்சுட்டே.

அப்ஸல்

*

மட்டாஞ்சேரி,
4 மார்ச் 2025

அப்ஸலுக்கு,

நோன்பு தொடங்கியாச்சு. அங்கேயும் பிடிக்கிறீங்கதானே? உடம்பைப் பாத்துக்கோங்க. மேல்மாடி ரூம் தயார்.

உன் கடிதம் வந்ததும் எனக்குக் கால் தரையில படல. நகலை எடுத்துக்கிட்டு ஹார்பருக்கு ஓடினேன். ஆட்டோவுல போகும்போதே தலைப்பு யோசிச்சாச்சு, எந்தப் பக்கத்துல போடுறதுன்னு யோசிச்சாச்சு. மாயம்மாள் வெயில்ல உக்காந்து கத்தியைத் தீட்டிட்டு இருந்தா. "மாயம்மா, அவங்களே ஒத்துக்கிட்டாங்க, உன் மகன் ஓடிப்போகல"ன்னு கத்தினேன். சுத்தி இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. கேப்டன் எழுதினதைத் தமிழ்ல வாசிச்சேன்.

அவ முகத்தைப் பாத்ததும் பேப்பரை மடிச்சுட்டேன்டா.

"அப்ப ஓடிப்போகலையா?"ன்னு கேட்டா. "நெசமாவே ஓடிப்போகலையாம்மா?"ன்னு மறுபடியும் கேட்டா. அப்புறம் கத்தியைக் கீழே வெச்சுட்டு, மெல்லச் சொன்னா: "அவங்க சொல்றது பொய்னு ஊரெல்லாம் சண்டை போட்டேன். ஆனா உள்ளுக்குள்ள, ஓடித்தான் போயிருப்பான், எங்கேயோ ஒரு ஊர்ல சோறு தின்னுட்டு இருப்பான், என்மேல இருக்கிற கோவம் தீர்ந்தா வருவான்னு நெனச்சுட்டே இருந்தேன். அவங்க சொன்னது நெசமா இருக்கட்டும்னு சாமியக்கூடக் கும்பிட்டேன்."

இத்தனை மாசமா அவளைப் பாக்கிறேன், பேசுறேன், எழுதுறேன். இதை ஒரு தடவை கேக்கத் தோணல எனக்கு. நானெல்லாம் என்ன பத்திரிகைக்காரி! பக்கத்துல உக்காந்து அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன். வேற என்ன செய்ய?

கொஞ்சம் தேறினதும், "பேப்பர்ல போடவா, வேணாமா?"ன்னு கேட்டேன். நீ வேணாம்னா போடமாட்டேன்னும் சொன்னேன். "போடுங்க. அப்பன் பேரு, ஊரு பேரு எல்லாம் சேத்து முழுசாப் போடுங்க"ன்னா. கிளம்பும்போது என் முந்தானையைப் பிடிச்சு நிறுத்தி, உன்கிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னா. அவன் விழுந்தப்ப பகலா, ராத்திரியா? அவனுக்குச் சின்ன வயசுல இருந்தே இருட்டுன்னா பயமாம்.

கேப்டனோட பேப்பரைத் திரும்பத் திரும்பப் பாத்துட்டேன், அதுல இல்ல. சமையக்காரனைக் கேட்டுச் சொல்லு. அவ ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து கேப்பா. தெரியலன்னா தெரியலன்னே எழுது, அவ மனசு ஆறட்டும்னு நீயா ஒண்ணும் சொல்லிடாதே.

அக்கா